சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சட்டை

"அய்யோ, மாத்தாதீங்க!"

நனைந்த குடையை மடக்கக்கூட மறந்து கடைக்குள் ஓடிவந்தாள் பிரபாவதி. வீட்டில் கரண்ட் இல்லை. திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இந்த டிவி ரிப்பேர் கடையில் மட்டும் இன்வெர்ட்டர் புண்ணியத்தில் திரை ஒளிர்ந்தது. பெர்லின் நகரை இரண்டாகப் பிளந்த சுவரைப் பற்றிய ஆவணப்படம். அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட காதலனுக்கு ஜன்னலிலிருந்து கையசைத்த கதையை ஒரு பெண் தமிழ்க் குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அவர் முகம் தெரியாது... சட்டை நிறம் மட்டும்தான் தெரியும்..."

ரிமோட்டும் கையுமாக நின்ற கடைக்காரன் வளவன் டக்கென்று சேனலை மாற்றினான். சமையல் நிகழ்ச்சி!

"ஏங்க மாத்துனீங்க?"

"கஸ்டமர் டிவிங்க. எல்லா சேனலும் வர்தான்னு பாத்துகினு இருக்கேன்." அவள் பக்கம் திரும்பவே இல்லை. "அந்தம்மா வேற ஒரே அழுமூஞ்சி."

மழைத்துளி தங்கிய இமைகளுக்குள் அவள் கண்கள் சிவந்தன. "அந்தம்மாவுக்குத் தமிழ்ல பேசினது நான்தாங்க. என் குரல் டிவில வர்றது இதான் முதல் தடவ!"

அவன் பதறி ரிமோட்டைத் தேடுவதற்குள் மழையில் இறங்கிவிட்டாள்.

அதன்பின் டப்பிங் வேலைக்காகச் சென்னை ரயிலுக்குப் போகும்போதெல்லாம் கடைப் பக்கமாகக் குடையைச் சாய்த்துக்கொண்டாள். அவன் வாசலுக்கு வருவான், நிற்பான், உள்ளே போய்விடுவான். 'மன்னிப்புக் கேட்க வாய் வராதா? திமிரு...'

வெள்ளிக்கிழமை ஒருவழியாகச் சாலையைத் தாண்டி வந்தான்.

"ஞாயித்துக்கிழமை காலைல மறுபடி போட்றாங்க. வூட்ல இருக்கறவங்களையும் கூட்டிகினு வாங்க."

"அழுமூஞ்சியப் பாக்கவா?"

"ஆங்..." என்று சிரித்துவிட்டான். அவளுக்கும் சிரிப்பு வந்தது, குடைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

குரல் கொடுப்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டுக்கொண்டே இருக்கும் நைனா துளசிங்கத்தை ஞாயிறன்று இழுத்து வந்தாள். கடையிலிருந்த டிவிகள் அத்தனையிலும் அவள் குரல்! சுவர் இடிந்து, ஜனங்கள் கட்டிப்பிடித்து அழுதபோது நைனா துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"நீயாம்மா இப்டிப் பேசின?"

பதிலுக்குக் காத்திராமல், எல்லாருக்கும் டீ வாங்க வெளியே போனார்.

அவள் வளவனைப் பார்த்தாள். அவன் கண்களும் கலங்கியிருந்தன.

"அன்னிக்கும் இப்டித்தாங்க... கண்ணுல தண்ணி வந்துட்ச்சு. ஒரு பொண்ணு எதிர்ல எப்டி அழுவறது? அதான் மாத்திட்டேன்."

"அதுக்கு அழுமூஞ்சின்னு சொல்லுவீங்களா?"

"தப்புதாங்க." தயங்கினான். "இந்தக் குரல தெனம் கேக்கணும் போல இருக்குது..."

"டிவிலயா?"

"நேர்ல."

அவள் காதுமடல்கள் சூடேறின. வாசலில் டீத் தட்டோடு நைனா வந்துகொண்டிருந்தார்.

"எனக்கும் அதான் ஆசை," என்றாள் மெல்ல. "நைனாகிட்ட நீங்களே சொல்லுங்க..."