நாடிக்கட்டு

கதையை நிறுத்திய பிறகும் அந்த விழுங்கல் சத்தம் கேட்டது.

மாரிக்கனி கையிலிருந்த பேண்டேஜ் துணியை மடியில் போட்டுவிட்டுப் போனைப் பார்த்தாள். பத்து நிமிடம் நாற்பது விநாடியில் நின்றிருந்தது. அதற்கு மேல் நகரவில்லை. ஆனாலும் காதுக்குள் யாரோ வாய் நிறைய ஊறிய எச்சிலைக் கூட்டிச் சேர்த்து, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து, அவசரமே இல்லாமல் தொண்டைக்குள் இறக்கினார்கள். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஹெட்செட்டைக் கழற்றி, காதில் படும் பஞ்சை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். அதில் ஈரம் எதுவும் இல்லை.

ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பேண்டேஜ் துணியைக் கைமிஷினில் சுருட்டி நூலால் முடிச்சுப் போடுவது அவள் தொழில். ராஜபாளையத்தில் அவள் தெருவில் பாதி வீட்டில் இதே வேலைதான். கைக்கு ஓயாத வேலை, காது சும்மா இருக்கிறது. அதனால் ஆறு வருடமாக ஒலிப்புத்தகம் கேட்டுவந்தாள். கேட்டால் கேட்டதோடு விடுகிற ஆளும் இல்லை, ஒவ்வொரு புத்தகத்தின் கீழும் அபிப்பிராயம் எழுதிவிட்டுத்தான் அடுத்த சுருளைத் தொடுவாள். கதையில் யாராவது அழுதால் கூடவே விசும்புகிற வாசிப்பாளர்கள் அவளுக்கு ஆகாது. பெண் பேச வேண்டிய இடம் வந்ததும் தொண்டையை இறுக்கிக் கீச்சிடும் ஆண்கள் ஆகவே ஆகாது. அத்தியாயத்துக்கு நடுவே வீணையை மீட்டி விட்டால் ஒரு நட்சத்திரம் போச்சு. வாசிக்கிறவர் கதைக்கு முன்னால் வந்து நிற்கக் கூடாது, இருப்பதே தெரியக் கூடாது என்பது அவள் கட்சி.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடுவாள், வாய்ச்சத்தத்தை மட்டும் மன்னிக்க மாட்டாள். உதடு பிரியும்போது வரும் பிசுக்குச் சத்தம், சொல்லுக்குச் சொல் நாக்கு நனையும் சத்தம், இவை காதில் விழுந்தால் ஹெட்செட்டைப் பிடுங்கிப் போட்டுவிடுவாள். புருஷன் வேல்பாண்டி மெல்லும் சத்தம் பொறுக்காமல் கல்யாணமான மூன்றாம் மாதமே அவனைத் தட்டோடு கொல்லைக்கு அனுப்பியவள் அவள். பதினாறு வருடமாகப் பாவம் அந்த மனிதன் வாழைமரத்தைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுகிறான்.

இந்த நாற்பத்தாறு அத்தியாய ஜமீன் கதையை வாசித்தவர் பெயர் பொன்னுராஜ். முதல் முப்பது அத்தியாயத்துக்கு மாரிக்கனியே ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தாள். பழுது சொல்ல முடியாத குரல். முப்பத்தொன்றில் கெட்டது. வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசுவது போலச் சொற்கள் கொழகொழத்தன. நாற்பதுக்குப் பிறகு வரிக்கு வரி விழுங்கினார். ஏமாற்றப்பட்ட கோபத்தில் அவள் எழுதினாள்: “இது வாசிப்பா, எச்சில் கிண்ணமா? இந்த வாயைப் பிணத்துக்குக் கட்டுகிற மாதிரி தாடையைச் சேர்த்து நாடிக்கட்டு கட்டித்தான் நிறுத்த வேண்டும். துணி வேண்டுமானால் ராஜபாளையத்திலிருந்து நானே அனுப்புகிறேன்.”

முந்நூறு பேர் சிரித்து வைத்தார்கள். மறுநாள் பொன்னுராஜே பதில் எழுதியிருந்தார். தாலுகா ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவராம். மனு எழுதிய பழக்கமோ என்னவோ, பெயருக்குக் கீழே விலாசமும் போட்டிருந்தார். “அம்மா, நானும் பக்கத்து ஊர்தான். வாயில் கொஞ்சம் கோளாறு. இன்னும் ஒரே அத்தியாயம் பாக்கி. எப்படியும் முடித்துவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பொன்னுராஜ், மடவார்வளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர்.” அதற்கு மாரிக்கனி ஒரே வரி எழுதினாள். பொறுக்க முடியாது.

ஐந்து மாதம் கழித்து இன்று காலையில் கடைசி அத்தியாயம் வந்திருந்தது. நாற்பத்தைந்தைக் கேட்டவளுக்கு முடிவு தெரியாமல் இருக்க முடியவில்லை. போட்டாள். பத்து நிமிடமாகியும் கதை தொடங்கவில்லை. விழுங்கல் மட்டும் வந்தது. தூ என்று நிறுத்தினாள். நிறுத்தியும் நிற்கவில்லை.

மதியம் தயிர்சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை விழுங்கினாள். அவள் விழுங்கி முடித்ததும் அவளுக்குள்ளேயே இன்னொருவர் விழுங்கினார். அவளுடையதைவிடப் பெரிய மிடறு, கெட்டியானது, பாதியில் சிக்கி மறுபடி இறங்கியது. போன் அணைத்துக் கிடந்தது. ஹெட்செட் ஆணியில் தொங்கியது. இரண்டாவது கவளத்தை வைத்தாள். மறுபடி அதே மிடறு, இப்போது காதுக்கும் தாடைக்கும் நடுவில். கூடவே ஒரு நாற்றம், நாள்பட்ட புண்ணைத் துடைத்த துணியின் நாற்றம். ஓடிப்போய்ச் சாக்கடையில் துப்பினாள். தண்ணீர் குடித்துப் பார்த்தாள். அதுவும் இறங்கவில்லை, குமட்டிக்கொண்டு மூக்கு வழியாக வந்தது.

மறுநாள் காலை வரை ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. உதடு வெடித்து, கண் இருட்டியது. வேல்பாண்டி திரும்பி வந்து டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டு முதல் ஷிப்டுக்கு மில்லுக்குப் போனான். டாக்டரிடம் எதைச் சொல்வது? இப்படியே இன்னொரு நாள் போனால் தாகத்திலேயே செத்துப்போவோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த மனிதரை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினாள்.

மடவார்வளாகத்தில் பெயர் சொன்னதும் வீட்டைக் காட்டினார்கள். கதவைத் திறந்த அம்மாளின் நெற்றியில் பொட்டு இல்லை. பின்னால் சுவரில் மாலை போட்ட போட்டோ. அந்த வீட்டுக்குள் பினாயிலையும் மீறி நேற்றுச் சோற்றில் வந்த அதே நாற்றம் இருந்தது.

அவர் கதை வாசித்ததைக் கேட்டவள் என்று மட்டும் மாரிக்கனி சொன்னாள். அவர் மனைவி பிச்சையம்மாள் மகிழ்ந்துபோய் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் போய் ஒரு மாதம் ஆகிறதாம். கடைசி அத்தியாயம் நேற்றுத்தான் வந்தது என்று மாரிக்கனி சொன்னதும் அந்த அம்மாளின் முகம் மாறியது.

“அத அவிய வாசிக்கவே இல்லையே தாயி. நாக்க எடுத்துட்டாங்கள்லா.”

பிச்சையம்மாள் தானே சொல்லிக்கொண்டு போனாள். வாயில் புற்று. நாலு மாதம் வாய் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. ஊறுகிற எச்சிலை விழுங்க முடியாமல் பகலும் ராத்திரியும் பேண்டேஜ் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். மீந்த சுருள்கள் மூலையில் ஒரு அட்டைப்பெட்டியில் கிடந்தன. மாரிக்கனிக்கு நூல் முடிச்சு தெரிந்தது. இடப்பக்கம் திருப்பிப் போட்ட முடிச்சு. அவள் போடுகிற முடிச்சு.

“யாரோ ஒரு பொம்பள நாடிக்கட்டு கட்டணும்னு எழுதிட்டாளாம். போறதுக்கு ரெண்டு நா முன்னாடி சிலேட்டுல எழுதிக் காட்டுனாவ, அவ கேட்ட மாதிரி நல்லா இறுக்கிக் கட்டுங்கன்னு. இந்தத் துணியிலதான் கட்டுனோம். எரிக்கதுக்கு முன்னாடி அவுக்கணும்லா? எம் மவன் அழுத அழுகையில மறந்துட்டான். கட்டோடயே போயிட்டாவ. அதான் எனக்கு ஆறல.”

அந்தப் பொம்பளை நான்தான் என்று சொல்லத்தான் அவள் பஸ் ஏறி வந்தாள். சொல்லவில்லை. வெட்கம் வாயைப் பிடித்துக்கொண்டது. பிச்சையம்மாள் கொடுத்த காப்பியை மறுக்கவும் மனம் வராமல் ஒரு வாய் வாங்கி, விழுங்காமல் அடக்கிக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டி விடைபெற்றாள். தெருமுனையில் குனிந்து துப்பினாள். காப்பி வரவில்லை. வெள்ளையாய், கெட்டியாய், நூல்நூலாய் வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போனார்கள்.

வீடு திரும்பும்போது மணி இரண்டரை. சுள்ளென்று வெயில். முன்னறையில் துணிச் சுருள்கள் வெள்ளை வெளேரென்று அடுக்கியிருந்தன. நேரில் சொல்லாததை இங்கேயாவது சொல்லிவிடுவோம் என்று ஹெட்செட்டை மாட்டி, விட்ட இடத்திலிருந்து அத்தியாயத்தைப் போட்டாள். தப்புத்தான் ஐயா, மன்னிச்சிருங்க என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

சத்தம் வரவில்லை. காதில் அவர் பேசினார்.

“இது வாசிப்பா, எச்சில் கிண்ணமா?”

கொழகொழத்த குரல். ஒரு மிடறு. “இந்த வாயைப் பிணத்துக்குக் கட்டுகிற மாதிரி...” இன்னொரு மிடறு. அவள் எழுதியது முழுவதையும் ஒரு சொல் விடாமல் வாசித்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தார். ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்தாள். வாசிப்பு நிற்கவில்லை. போனைச் சுவரில் அடித்தாள். நிற்கவில்லை. உதட்டில் கை வைத்தாள்.

அசைந்துகொண்டிருந்தது அவள் உதடு.

கையால் பொத்தினாள். விரலிடுக்கில் வழிந்தது. ஒரு சுருளை உருவினாள். நாடிக்குக் கீழே கொடுத்து உச்சந்தலையில் ஏற்றிச் சுற்றினாள். இறுக்கினாள். இன்னொரு சுருள், வாயின் மேல். இன்னும் ஒன்று. பல் நெரிந்தது. முடிச்சுப் போட்டாள். இடப்பக்கம்.

சத்தம் நின்றது.

தெருவில் காய்கறி வண்டி போனது. கன்னத்தில் ஈரம் பரவியது. வெள்ளைத் துணியில் முதலில் சின்னதாய், பிறகு உதட்டின் அகலத்துக்கு.

வாசலில் செருப்பு உதறும் சத்தம். தூக்குச்சட்டியோடு வேல்பாண்டி நின்றான்.

“ஏட்டி, என்ன கோலம் இது?”

வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவன் பதறிப்போய் முடிச்சில் கை வைத்தான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள், நகம் பதியப் பிடித்தாள். அதற்குள் அவிழ்ந்துவிட்டது. சுற்றுச் சுற்றாகத் துணி மடியில் விழுந்தது, நனைந்த கனத்தோடு. தாடை தொங்கியது. மூட முடியவில்லை.

வேல்பாண்டி அவள் வாய்க்குள் பார்த்தான். தூக்குச்சட்டி கீழே விழுந்தது. பின்னால் நகர்ந்து நகர்ந்து கதவில் முட்டி நின்றான்.

மாரிக்கனி விரலை உள்ளே விட்டாள். பல் இருந்தது. அண்ணம் இருந்தது. நாக்கு இருக்க வேண்டிய இடத்தில் மழுமழுவென்று ஒரு குழி, அது நிறைய எச்சில்.

எச்சில் இறங்கியது.

“அத்தியாயம் நாற்பத்தாறு” என்றது அவள் வாய்.