எச்சில் தட்டு

பரமசிவம் மூன்றாவது தட்டுச் சோற்றையும் வழித்துத் தின்றுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தான். மெல்லும் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

தம்பி பாலகிருஷ்ணன் விளக்கைத் தூக்கிப் பார்த்தான். அண்ணனின் வாய் மூடியிருந்தது. சத்தம் விலா எலும்புக்குக் கீழேயிருந்து வந்தது. நாய்க்குட்டி ஈரத்துணியைச் சப்புவதுபோல அவசரமில்லாத சத்தம்.

"இன்னும் ஏதாச்சும் இருக்கா தம்பி?"

"பானையைச் சுரண்டிட்டேன் அண்ணே."

இரண்டு மாதமாக இதே கதை. தேக்கா வட்டாரத்து மாட்டுக் கொட்டகைகளுக்குப் புல் அறுத்துப் போடும் உடம்பு அது. இப்போது கழுத்தெலும்புக் குழியில் தண்ணீர் ஊற்றினால் நிற்கும். தின்பதெல்லாம் எங்கே போகிறது? பாலகிருஷ்ணன் மாலை வகுப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அண்ணன் தின்றதை வேளைவாரியாக எழுதி வந்தான். எழுதியபின், ஒன்றையே இரண்டு முறை எழுதிவிட்டோமோ என்று சந்தேகப்படுவான்.

தாய் தகப்பன் இல்லாத அவனைக் கப்பலேற்றி இங்கே கூட்டிவந்தவன் அண்ணன்தான். அண்ணனை விட்டால் இந்த ஊரில் அவனுக்கு வேறு ஆளில்லை. ஆனாலும் குளத்துச் சேறு நாறும் அந்த மூச்சுக்கு அவனால் முகத்தைக் கொடுக்க முடியவில்லை. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு எச்சில் ஆகாது. அண்ணன் குடித்த குவளையைத் தொடமாட்டான். செம்பைத் தூக்கி அண்ணாந்து ஊற்றிக்கொள்வதுதான் வழக்கம்.

கொட்டகை மேற்பார்வையாளர் டூலன் துரை அயர்லாந்துக்காரர். காப்பித் தோட்டத்தில் கங்காணிகளிடம் தமிழ் கற்றவர். மறுநாள் காலை அவர் பரமசிவத்தின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டார்.

"எங்கே தூங்கினே?"

"ஓடைக்கரையிலதான் தொர. மூங்கில் நெழல்ல."

"வாயைத் தொறந்துகிட்டா?"

"தூங்குறவன எழுப்பித்தான் கேக்கணும்."

துரை சிரிக்கவில்லை. "எங்க ஊர்ல அதுக்கு ஆல்ப் லூக்ரான்னு பேரு. பல்லி மாதிரி, தண்ணியில இருக்கும். தூங்குறவன் வாய்வழியா உள்ள போகும். நீ திங்கறதை அது திங்கும். குட்டி போடும்."

உப்பிட்ட மாட்டிறைச்சியை வயிறு முட்டத் தின்ன வேண்டும், ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது, பிறகு ஓடும் தண்ணீர் பக்கம் வாயைத் திறந்து படுக்க வேண்டும் என்றார். தாகம் தாங்காமல் ஒவ்வொன்றாக வெளியே குதிக்குமாம், கடைசியாகத் தாய்.

"தொரைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று கேட்டான் பாலகிருஷ்ணன்.

துரை ஓடைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "என்னுதை அங்கதான் விட்டேன்."

பாலகிருஷ்ணனின் வாயில் கசப்பாக ஊறியது. துப்பினான்.

மாட்டிறைச்சி தொடாத குடும்பம். அதனால் ஞாயிற்றுக்கிழமை கருவாட்டை ஊறவைக்காமல், கழுவாமல், உப்புப் பூத்தபடியே அண்ணனுக்குத் தின்னக் கொடுத்தான். பிற்பகலில் அவனைத் தாங்கிப் பிடித்து ஓடைக்குக் கூட்டிப்போனான். கொட்டகைகளைக் கழுவிவிட்ட சாணித் தண்ணீர் பச்சையாக நுரைத்து ஓடியது. எல்லாம் முடிந்ததும் அண்ணன் இதையா குடிப்பான் என்று நினைத்துத்தான், ஒரு பித்தளைச் செம்பு நிறையக் கிணற்றுத் தண்ணீரும் கொண்டுவந்திருந்தான். அதை அண்ணனின் தலைமாட்டில் வைத்தான்.

பரமசிவம் குப்புறப் படுத்து மோவாயைக் கரையில் ஊன்றி வாயைத் திறந்தான். நாக்கு வெடித்திருந்தது.

"தண்ணி... தம்பி..."

"கொஞ்சம் பொறுத்துக்கண்ணே."

தொண்டை புடைத்தது. இறங்கியது. மறுபடி புடைத்தது. நாக்கின் மேல் ஈரமான கட்டைவிரல் போல ஒன்று வந்து நின்றது. வழவழப்பாக. சோற்று நிறத்தில். தலையை அசைத்து ஓடையைப் பார்த்தது.

ப்ளக்.

பாலகிருஷ்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். எண்ணினான். இரண்டு. மூன்று. ஒவ்வொன்றுக்கும் முன்னால் அண்ணன் ஓங்கரிக்கும் சத்தம், பல்லில் ஏதோ உரசும் சத்தம். ஒன்பது. பத்து. பதினொன்று.

பிறகு எதுவுமில்லை.

பிறகு நெடுநேரம் நீண்ட ஒரு ஓங்கரிப்பு, தோலை உரிப்பதுபோல. ஓடையில் எதுவும் விழவில்லை. செம்பு மெல்ல ‘ணிங்’ என்றது. அண்ணன் கை பட்டிருக்கும்.

கண்ணைத் திறந்தபோது பரமசிவம் ஒழுங்காக மூச்சுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். வயிறு காலிச் சாக்குப்போலத் தட்டையாகக் கிடந்தது. மோவாயிலிருந்து சளி நூல்கள் கரைப் புல்வரை தொங்கின. அதைப் பார்த்ததும் பாலகிருஷ்ணனுக்குக் குடலே வெளியே வருவதுபோல வாந்தி வந்தது.

வாயெல்லாம் புளிப்பு. ஓடையைத் தொட முடியாது. செம்பை எடுத்தான். உதட்டில் படாமல் உயரத் தூக்கினான், அண்ணாந்தான், கண்ணை மூடி ஊற்றினான். குளிர்ந்த தண்ணீர். நல்ல தண்ணீர். கடைசி வாய் மட்டும் கனமாக இருந்தது. அவன் விழுங்கவில்லை. அதுவாக இறங்கியது.

அன்று மாலை பரமசிவம் பாதித் தட்டிலேயே கையை உதறினான். "போதும்டா தம்பி. வயிறு நெறஞ்சிருச்சு."

எத்தனை நாளாக இந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தான்! சிரிக்கத்தான் நினைத்தான். கண் தட்டை விட்டு வரவில்லை. பிசைந்து வைத்த சோறு. மென்று துப்பிய மீன் முள். எச்சில் பளபளத்தது.

அவன் கை தட்டை இழுத்தது.

"டேய், அது என் எச்சிடா! வெச்சிரு, வேற சோறு வடிக்கிறேன்."

கேட்டது. முகத்தை நிமிர்த்த முடியவில்லை. நாக்கு தட்டில் இருந்தது. முள்ளில். துப்பியதில். விலா எலும்புக்குக் கீழே ஏதோ நிதானமாகத் திரும்பி, இடம் பண்ணிக்கொண்டு படுத்தது.