மூன்றாம் வரிசை ஓரத்து நாற்காலி

"எத்தனை கூடு?"

உருநிலையத்துப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ரெண்டு," என்றாள் இசக்கி.

"உடம்பு எங்க போகுது?"

"மதுரைக்கு. பஸ்ல."

"கூடு ரெண்டும்?"

"ஒண்ணு சென்னை. ஒண்ணு புதுச்சேரி."

அந்தப் பெண் திரையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். இசக்கிக்குப் பின்னால் வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டது. ஒருத்தன் சுவரைப் பிடித்துக்கொண்டு காலை நீட்டி மடக்கினான். ஒருத்தி கண்ணை மூடி வசனத்தை முணுமுணுத்தாள். தேர்வு வார இறுதிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை தூத்துக்குடி உருநிலையம் இப்படித்தான் இருக்கும். நாடகம், நடனம், விளையாட்டு என்று ஆள் நேரில் போய்ச் செய்து காட்டிச் சேரவேண்டிய படிப்பு எல்லாவற்றுக்கும் நாடு முழுக்க அந்த ஒரே சனி ஞாயிறுதான்.

அரசாங்கத் தமிழில் அதற்குப் பகிருரு என்று பெயர். கொஞ்சம் படித்தவர்கள் ப்ராக்ஸி என்பார்கள். ஊரில் எல்லோருக்கும் கூடுதான். சித்தர்கள் கூடு விட்டுக் கூடு பாய்ந்த கதையைக் கேட்டு வளர்ந்த ஜனங்களுக்கு வேறு பெயர் தேவைப்படவில்லை. உன் நினைவை நகலெடுத்து, வேறு ஊரில் படுத்திருக்கும் ஒரு செயற்கை உடம்பில் இறக்குவார்கள். முகமும் தொண்டையும் உன் அச்சிலேயே வார்த்துத் தருவார்கள். இரண்டு நாள் அது நீதான்.

முன்பெல்லாம் கல்லூரிகள் ஆளுக்கொரு வாரமாகத் தேர்வு வைத்தன. கூடு வந்தது பிள்ளைகளின் வசதிக்கு என்றார்கள். வந்த மறு வருடமே எல்லாக் கல்லூரியும் ஒரே சனி ஞாயிறில் வந்து குவிந்தன. ஒருத்தியால் மூன்று இடத்தில் இருக்க முடியும் என்று ஆனதும், இருந்தே தீரவேண்டும் என்று ஆகிவிட்டது. யாருக்கு வசதி என்று நினைத்தால் இசக்கிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு மாதமாக அவள் நேர அடுக்கியோடு மல்லுக்கட்டினாள். அது ஒரு செயலி. மூன்று கல்லூரிகளின் நேரத்தையும் கொடுத்தால் அடுக்கித் தரவேண்டும். அது தந்ததெல்லாம் சிவப்புக் கட்டங்கள்தான். சென்னையில் அவள் உயரத்துக்குக் கூடு இல்லை; உயரம் மாறினால் நடனத்தில் அடி தப்பும். உயரத்துக்குக் கூடு கிடைத்தபோது புதுச்சேரிக்காரர்கள் பாட்டை ஞாயிறு மாலைக்குத் தள்ளினார்கள். அதற்குள் கூட்டைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அவள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் அவள். யாரிடம் போய்க் கேட்பது? தானே திட்டி, தானே அழுது, தானே அடுக்கி முடித்தாள்.

"யாரை வைக்கிறதுன்னு முடிவு பண்ணியாச்சா?" என்று கேட்டாள் உருநிலையத்துப் பெண். இப்போதுதான் முகத்தைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை பேசிக்கிடுவோம்."

"உங்க கோச்சிங் சார் சொல்லியிருப்பாரே. தோத்தவளை வைன்னு."

"எல்லா சாரும் அதைத்தான் சொல்லுதாங்க," என்று சொல்லிவிட்டு இசக்கி ஊசிக்குக் கையை நீட்டினாள்.

முந்தின நாள் ராத்திரி அம்மாவிடம் கேட்டுப் பார்த்திருந்தாள். பேச்சியம்மாள் இறால் கம்பெனிக் குளிர் அறையில் வேலை பார்ப்பவள். உலகத்தில் எல்லாவற்றுக்கும் எந்திரம் வந்துவிட்டது. இறாலின் முதுகு நரம்பை உருவ மட்டும் இன்னும் பொம்பளை விரல்தான் வேண்டியிருந்தது.

"மதுரைக்கு நீயும் வாயேம்மா."

"ஷிப்டை எவ பாப்பா? பாட்டு கேக்கவா அம்புட்டு தூரம் வருவாக?"

"நீ ஒரு தடவைகூட கேட்டதில்லல்லா."

"அதான் தெனமும் முனங்குதியே, கேக்காமலா இருக்கேன்," என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்துக்கொண்டாள்.

முனங்கல்தான். அம்மா தூங்கும் நேரமும் இவள் பயிற்சி நேரமும் எப்போதும் ஒன்றாகவே அமைந்தன. வாயை மூடிக்கொண்டே உச்சம் போகப் பழகியவள் இசக்கி. உள்ளூரில் பட்டம் படித்த கல்லூரி மேடையில் வாயைத் திறந்தபோதெல்லாம் அம்மா குளிர் அறையில் இருந்தாள்.

*

விழித்ததும் முதலில் வலது கட்டைவிரலைப் பார்த்தாள். இட்லிக் கொப்பரை சுட்ட தழும்பு இல்லை.

சரி. நான் கூடு.

ஜன்னலுக்கு வெளியே சென்னை இரைந்துகொண்டிருந்தது. தோலில் புது மழைக்கோட்டின் வாசனை. தழும்புள்ள இசக்கி இந்நேரம் கோவில்பட்டி தாண்டியிருப்பாள். இன்னொருத்தி புதுச்சேரியில் எழுந்து இதே மாதிரி விரலைப் பார்த்து இதே மாதிரி எரிச்சல்பட்டிருப்பாள். தொண்டையைச் செருமிப் பார்த்தாள். அவளுடைய அதே கரகரப்பு, ஓரத்தில் அதே சின்னப் பிசிறு. தொண்டை வார்ப்பவன் வேலை தெரிந்தவன்.

சனிக்கிழமை நடனமும் நடிப்பும் ஒப்பேறிவிட்டன. ஞாயிறு காலை பாட்டு.

அரங்கம் பெரிது. முதல் வரிசையில் தேர்வாளர்கள் நால்வர். மேடை ஓரத்தில் ஹார்மோனியத்தோடு டெய்சி மேடம், அந்தக் கல்லூரியின் பேராசிரியை. காலையிலிருந்து வாசித்து அலுத்த முகம்.

"சுருதி என்ன கட்டை?"

"அஞ்சு."

"தொண்டை தாங்குமா? இல்ல, கூடுதானேன்னு கிழிச்சுடப் போறியா?"

"அது என் தொண்டை மேடம்."

டெய்சி மேடம் சிரிக்கவில்லை. துருத்தியை அழுத்தினாள்.

இசக்கி தானே எழுதிய நாடகக் காட்சி அது. இறால் கம்பெனியில் விடியும்வரை நிற்கும் ஒரு பெண் பனிக்கட்டியிடம் பேசுகிறாள். முதல் சொல்லை எடுக்குமுன் இசக்கி எதிரே பார்த்தாள். மூன்றாம் வரிசையில், ஓரத்தில், ஒரு நாற்காலி சற்றே திரும்பிக் கிடந்தது. யாரோ தாமதமாக வந்து சத்தமில்லாமல் உட்காரப்போவது போல. அவள் அதில் அம்மாவை உட்காரவைத்தாள். கம்பெனித் தொப்பி அழுத்திய கோடு நெற்றியில் அப்படியே. வெளுத்துச் சுருங்கிய விரல்களை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு. இந்த இடத்தில் உட்காரலாமா, யாராவது எழுப்பிவிடுவார்களா என்ற அந்தப் பார்வையோடு.

பனிக்குள்ள கை விட்டேன், விரலெல்லாம் வேறாளு
எடுத்து ஊதித் தாரதுக்கு எவ இருக்கா என்கூட

வாயை மூடிக்கொண்டு பாடிய அத்தனை வருடமும் ஒன்றாக வெளியே வந்தது. அவளுக்கே பயமாக இருந்தது. குரல் தன்னைவிட்டு முன்னால் நடந்துபோய் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்ததுபோல் இருந்தது. பிசிறு விழவேண்டிய இடத்தில் பிசிறு விழுந்தது. அது அழுகையாகக் கேட்டது. உச்சத்தில் மூச்சு தீர்ந்தது. தீர்ந்த பிறகும் பாட்டு இருந்தது.

முடிந்தபோது ஹார்மோனியத்தில் சத்தம் இல்லை. துருத்தியை அழுத்த டெய்சி மேடம் எப்போதோ மறந்துபோயிருந்தாள்.

"எங்க கத்துக்கிட்ட?" என்று கேட்டார் தேர்வாளர் ஒருவர்.

"கத்துக்கல சார். வீட்ல தூங்குவாங்க."

அவருக்கு விளங்கவில்லை. இசக்கி விளக்கவும் இல்லை. வெளியே வந்து வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றாள்.  இதுதான். இதற்காகத்தான் பிறந்தது. இதை யாரும் என்னிடமிருந்து எடுக்கக்கூடாது.

எடுப்பார்கள். அதுதான் விதி.

ஒரு மூளைக்கு ஒரு சனி ஞாயிறுதான். தொடக்கத்தில் மூன்று ஞாபகத்தையும் ஒரே தலையில் கொட்டிப் பார்த்தார்கள். தன் கை எது, நேற்று எந்த ஊரில் சாப்பிட்டோம் என்று தெரியாமல் பிள்ளைகள் தெருவில் நின்றன. அப்புறம் சட்டம் வந்தது. ஞாயிறு சாயங்காலம் மூவரும் பேசி ஒருத்தியைத் தேர்ந்தெடுக்கவேண்டும். அவளுடைய இரண்டு நாள் மட்டும் உடம்பில் தங்கும். மற்ற இரண்டும் அழியும். உடம்போடு போனவள் என்று தனிச் சலுகை கிடையாது. பேசி முடியாவிட்டால் குலுக்கல்.

சட்டத்துக்கு மேலே பயிற்சி வகுப்புகள் ஒரு வழக்கத்தை உண்டாக்கின. தோற்றவளை வை. ஜெயித்ததற்குக் கல்லூரி வீடியோ தரும், கடிதம் தரும். தோற்றதில்தான் பாடம் இருக்கிறது. அது உன் தலையில் இருக்கட்டும். எல்லோரும் அப்படியே செய்தார்கள்.

*

பேச்சறை குளியலறை அளவுதான் இருந்தது. திரையில் இரண்டு இசக்கிகள்.

"எனக்கு ஊத்திக்கிச்சு," என்று ஆரம்பித்தாள் புதுச்சேரிக்காரி. "ரெண்டாவது அடியே மறந்துபோச்சு. நின்னேன். அந்தாளு மணி அடிச்சு வெளிய போகச் சொல்லிட்டான்."

"அப்ப வழக்கப்படி உன்னைத்தான் வைக்கணும்," என்றாள் சென்னை இசக்கி.

"செருப்பால அடி வழக்கத்தை! இதை நான் வாழ்க்கை பூரா சுமக்கணுமா? நீ சுமக்குதியா? நான் அழிஞ்சுக்கிடுதேன், ஆளை விடுங்கட்டி."

தன்னிடமே தான் இப்படித்தான் சண்டை போடுவேன் என்று தெரிந்திருந்தும் சென்னை இசக்கிக்குச் சிரிப்பு வந்தது.

"நான் பாடிட்டேன்," என்றாள். "அப்படி ஒரு பாட்டு நாம பாடுனதே இல்ல. சத்தியமா. வீடியோவுல அது வராது. உள்ள என்ன நடந்துச்சுன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். என்னை வைங்க. கெஞ்சிக் கேக்கேன்."

புதுச்சேரிக்காரி தலையாட்டினாள். மதுரைக்காரி மட்டும் கட்டைவிரல் தழும்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு என்னட்டி? சொல்லித் தொலை."

"சுமாராத்தான் பாடினேன். பாதியில சிரிச்சிட்டேன்."

"சிரிச்சியா? லூசா நீ?"

"அம்மை வந்துட்டா."

புதுச்சேரிக்காரி முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"யாருகிட்டயோ ஷிப்டு மாத்திட்டு, ராத்திரி பஸ்ஸைப் பிடிச்சு வந்திருக்கா. செருப்பைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு கதவோரத்துல நின்னா. கோயிலுக்குள்ள வந்த மாதிரி. பாத்ததும் சிரிப்பும் அழுகையும் சேந்து வந்துட்டு. பாட்டு போச்சு."

"என்ன சொன்னா?"

"‘ஏட்டி, இம்புட்டு சத்தத்தை எங்கட்டி ஒளிச்சு வச்சிருந்த’ன்னா. பெறவு பஸ் ஸ்டாண்டுல புரோட்டா தின்னோம். என் பாட்டை அவ முனங்கினா. ராகமே இல்லாம."

சென்னை இசக்கி இல்லாத தழும்பைத் தடவினாள். கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. இவள் காலி நாற்காலிக்குப் பாடிக்கொண்டிருந்த அதே நேரத்தில் அங்கே அம்மா நின்றிருக்கிறாள், கையில் செருப்போடு. அது நடந்தது தனக்குத்தான். தனக்கு நடக்கவே இல்லை.

"ரெண்டுல எது வேணும்னு நீயே சொல்லு," என்றாள் மதுரைக்காரி. "நான் சண்டைக்கு வரல. நீ பாடுனதும் நாமதான்."

சென்னை இசக்கி திரையில் அந்தத் தழும்பைப் பார்த்தாள்.

"பாட்டுக்கு வீடியோ இருக்கு," என்றாள் கடைசியில். "அம்மைக்கு இல்ல. உன்னையே வை. வச்சுத் தொலை."

*

கூட்டைத் திருப்பிக் கொடுக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. மறுபடி அரங்கத்துக்கு ஓடினாள். டெய்சி மேடம் ஹார்மோனியத்துக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். நான் இங்க சேந்தா, அவகிட்ட நீங்க சொல்லணும்."

"நீயுமா? வருஷா வருஷம் இதே ரோதனை. போறதுக்கு முன்னாடி ஆளாளுக்கு எங்கிட்ட ஏதாவது சொல்லிட்டுப் போவீங்க. நான் என்ன தபால்பெட்டியா?" என்றாள் டெய்சி மேடம். ஆனால் உறையைக் கீழே வைத்துவிட்டாள். "சொல்லு."

இசக்கி கையை நீட்டிக் காட்டினாள். சொல்ல வந்ததைச் சொன்னாள். பிறகு உருநிலையத்துக்கு நடந்தாள். சென்னையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஒரு டீக்கடை வாசலில் நின்று, இந்த உடம்புக்குப் பசி கிடையாது என்று தெரிந்தும், வடையின் வாசனையை நெஞ்சு முட்ட இழுத்தாள். வழி முழுக்க முனகிக்கொண்டே போனாள். ராகமே இல்லாமல் முனகிப் பார்த்தாள், அம்மா முனகியது எப்படி இருந்திருக்கும் என்று. வரவில்லை. அவளுக்கு ராகம் தானாக வந்தது.

*

ஜூன் மாதம் அந்தச் சென்னைக் கல்லூரியில் வந்து சேர்ந்தது தழும்புள்ள இசக்கி.

வீடியோவை அவள் ஓட்டி ஓட்டிப் பார்த்திருந்தாள். தன் முகம், தன் தொண்டை. ஆனாலும் யாரோ ஒருத்தி. அந்த ஒருத்தி பாடும்போது தேர்வாளர்களைப் பார்க்கவே இல்லை. கண் வலப்பக்கமாக, கொஞ்சம் தாழ்ந்து எங்கோ நின்றது. எதைப் பார்க்கிறாள்? இசக்கிக்குப் பிடிபடவில்லை. ராத்திரி விடுதிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அந்தக் கண்ணையே நினைப்பாள். சொந்தக்காரி ஒருத்தி செத்துப்போய், அவள் முகம் மட்டும் தனக்கு வந்து வாய்த்தது மாதிரி இருக்கும்.

முதல் வகுப்பு அதே அரங்கத்தில். மேடைக்கு ஒவ்வொருவராக அழைத்தாள் டெய்சி மேடம். "தேர்வுல பாடினதையே பாடு. அன்னைக்குப் பாடின மாதிரி."

யாராலும் முடியவில்லை. எல்லோரும் தோற்றவர்களை வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஒருவன் உச்சத்துக்குப் போகுமுன்னே தோளைக் குறுக்கினான். எங்கோ குரல் உடைந்த ஞாயிற்றுக்கிழமை அவன் தோளில் உட்கார்ந்திருந்தது. ஒருத்தி பாதியில் நின்று மன்னிப்புக் கேட்டாள். நாட்டிலேயே பொறுக்கியெடுத்த பிள்ளைகள். தேர்வில் தாம் நன்றாகப் பாடிய ஒரு நிமிடம்கூட ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. இதைத்தான் பாடம் என்று ஊட்டிவிட்டிருந்தார்கள்.

இசக்கி மேடையேறினாள். அம்மாவை நினைத்துக்கொண்டாள், கையில் செருப்போடு. முகத்தில் சிரிப்பு வந்தது. பாட்டு இதமாக வந்தது, நன்றாகவே வந்தது. அது இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. வயிறு நிறைந்தவள் பாடுவதுபோல் இருந்தது.

துருத்தி நின்றது.

"மூணாம் வரிசை," என்றாள் டெய்சி மேடம். "ஓரத்து நாற்காலி. உங்கிட்டச் சொல்லச் சொன்னா."

"யாரு?"

"யாரா? நீதான். ‘அம்மை அங்க இருக்கான்னு நெனச்சுக்கிட்டு பாடினேன், அம்புட்டுத்தான் வித்தை’ன்னா. அழியறதுக்குப் பயப்படவே இல்லையாம், அதையும் சொல்லச் சொன்னா. சொல்லியாச்சு. என் வேலை முடிஞ்சுது."

இசக்கி திரும்பிப் பார்த்தாள். நாற்காலி அப்போதும் சற்றே திரும்பித்தான் கிடந்தது. வீடியோவில் அந்தக் கண் நின்ற இடம். அம்மாவை அங்கே உட்காரவைக்கப் பார்த்தாள். அம்மா உட்காரவில்லை. அம்மா மதுரைக்கு வந்துவிட்டவள். இங்கே காத்திருக்க வேண்டிய தேவை அவளுக்கு இல்லை.

வேறொருத்தி வந்து உட்கார்ந்தாள். இதே முகம். கட்டைவிரலில் தழும்பு இல்லாதவள். கூடுகளுக்கே உள்ள மழைக்கோட்டு வாசனை அடிக்கிறவள். அம்மாவின் முனகலைக் கேட்காமலே போனவள். இந்த மேடையில் நின்று, தான் பாடியது தனக்கே தெரியாமல் போகும் என்று தெரிந்து, போய்ப் படுத்துக்கொண்டவள்.

தொண்டை அடைத்தது. அடைப்பு விலகட்டும் என்று இசக்கி காத்திருக்கவில்லை.

"மேடம், அஞ்சு கட்டை," என்றாள்.

டெய்சி மேடம் துருத்தியை அழுத்தினாள். பனிக்குள்ள கை விட்டேன் என்று எடுத்தபோது, அடைப்பையும் சேர்த்துக்கொண்டு குரல் மேடையைவிட்டு இறங்கி, இரண்டு வரிசை தாண்டி, அந்த நாற்காலியை நோக்கி நடந்தது.