கனடா வில்வம்

வெள்ளிக்கிழமை காலை உஷாவின் செருப்பில் ஒன்றைக் காணவில்லை. வலது கால் செருப்பு பின்வாசல் கால்மிதியில் இருந்தது. இடது இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஈர மண், யாரோ விரலால் இழுத்துவிட்டதுபோல் ஒரு மெல்லிய கோடாக. அதிலிருந்து மக்கிய சருகும் கெட்டுப்போன இறைச்சியும் கலந்த ஒரு வாடை வந்தது.

"ஒத்தைச் செருப்பை யாருங்க எடுப்பாங்க?"

"நரியா இருக்கும்," என்றார் அவள் கணவர், பேராசிரியர் ஜெயசங்கர்.

"நரிக்கு என் சைஸா?"

அவருக்குச் செருப்பைவிடப் பெரிய கவலை இருந்தது. ஞாயிறு மாலை நாலு மணிக்குத் தமிழ்ச் சங்கத்தார் முப்பது பேர் இல்-பிசார் தீவிலுள்ள அவர் வீட்டுக்குப் பூப் பார்க்க வருகிறார்கள். பின்தோட்டத்து மேப்பிள் நிழலில் மூன்று கொத்து டிரில்லியம் பூத்திருந்தது; தண்டுக்கு மூன்று இலை, மூன்று வெள்ளை இதழ். உலோகவியலில் டாக்டர் பட்டம் பெற்றிருந்த அவர், தாவரவியலிலும் தமக்குத் தாமே ஒன்றை வழங்கிக்கொண்டு, தொண்ணூற்றாறாம் ஆண்டுச் சங்க மலரில் பதினான்கு பக்கம் எழுதியிருந்தார். இது சிவனுக்குரிய வில்வத்தின் கனடா வடிவம். விதை முளைத்துப் பூக்க ஏழு வருடம். அந்தத் தவம் தம் தோட்டத்தில் பலித்தது. அவர் வீடு வாங்கியே மூன்று வருடம்தான் ஆகிறது என்பதை மலர்க்குழு கவனிக்கவில்லை. பொன்னாடைக்கு ஏற்பாடு செய்வதில் மும்முரமாக இருந்தது.

மலர் அச்சாகி வந்த பிறகுதான் தம்மிடம் ஒரு செடிகூட இல்லை என்பது அவருக்கு உறைத்தது. வியாழன் மாலை, வீட்டுக்குப் பின்னாலிருந்த காட்டுக்குள் போய் மூன்று கொத்தைத் தோண்டி, துணிக்கூடையில் கொண்டுவந்து நட்டார். இலைமக்கு போட்டு, வேரைச் சுற்றி மண்ணை உள்ளங்கையால் மும்மூன்று தடவை தட்டினார். கூடையைப் பிடித்தவள் உஷா. விஷயம் தெரிந்தவளும் அவள் ஒருத்திதான்.

"திரும்பக் கொண்டு வெச்சுடுங்க. யாராவது கேட்டா எனக்குப் பொய் சொல்ல வராது."

"நீ வாயைத் திறக்காம இருந்தாப் போதும்."

செடிகளுக்கு நடுவே நின்றுதான் அதைச் சொன்னார். காற்றில்லை. ஆனாலும் இலைகள் மூன்று மூன்றாக அசைந்தன.

சனிக்கிழமை உஷாவின் மூக்குக்கண்ணாடி காணாமல் போனது. கட்டில் பக்கத்து மேசையில் அதே மண், அதே வாடை. மதியம் காட்டுப் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது: சப்பாத்தி மாவைத் தட்டுவது போல, மெத்தென்று, மூன்று தடவை, ஒரு இடைவெளி, மறுபடி மூன்று. அவர் கைகளுக்கு அந்தச் சத்தம் தெரியும். ஜன்னலை மூடிவிட்டு உரையை மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.

ஞாயிறு மூன்றரைக்கே சங்கத்து அருமைநாதன் மடக்கு நாற்காலிகளோடு வந்துவிட்டார். தோளில் வீடியோ கமரா.

"டொக்டர், எங்கட ஃபாதர் உந்தப் பூவைப் பரிசுத்த திரித்துவம் எண்டு சொல்லுறவர். நீங்கள் சிவன்ரை எண்டு எழுதிப்போட்டியள். பாவம், ரெண்டு பக்கத்துக்கும் வேலை செய்யுது."

ஜெயசங்கர் அளவாகச் சிரித்தார்.

"காட்டுக்குள்ளயும் நிக்குதாம். சனம் வந்த உடனை ஒரு நடை கூட்டிக்கொண்டு போவம். அக்கா எங்கை?"

"உள்ளே."

உள்ளே இல்லை. அடுப்பில் கேசரி அடிப்பிடித்துக்கொண்டிருந்தது. குழாய் ஓடிக்கொண்டிருந்தது. பின்கதவு திறந்து கிடந்தது. வாசலிலிருந்து புல்வெளி நெடுக ஈர மண், இந்த முறை அகலமாக.

உஷாவைத் தேடித்தான் போகிறேன் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். கையில், தாம் தோண்டிய குழிகளை மூட, மண்வெட்டி இருந்தது.

காட்டுக்குள் வெளிச்சம் இருந்தது, மே மாதத்து இளம் இலைகளினூடே பச்சையாகச் சொட்டும் வெளிச்சம். ஆனால் பறவைச் சத்தம் ஒன்றுகூட இல்லை, வழியில் அங்கங்கே கருஞ்சிவப்பு டிரில்லியங்களை மொய்த்த ஈக்களின் முனகல்தான், அந்த அழுகல் வாடையோடு சேர்ந்து காதிலும் மூக்கிலும் புகுந்தது. முதல் குழி மூடியிருந்தது. நடுவில் உஷாவின் செருப்பு, நுனி மேலாக நடப்பட்டிருந்தது. சுற்றிலும் இலைமக்கு. தண்ணீர்கூட ஊற்றியிருந்தது.

இரண்டாவதில் மூக்குக்கண்ணாடி. இரண்டு வில்லைகளும் வானம் பார்த்தபடி.

மூன்றாவது.

அவர் தோண்டியது இவ்வளவு பெரிதில்லை.

முதலில் வகிடு தெரிந்தது. பிறகு நெற்றி. கண்கள். மண் கீழுதடுவரை வந்திருந்தது. கன்னங்களைச் சுற்றி ஐந்து விரலின் தடங்கள், அழுத்தமாக, அக்கறையாக.

"என்னங்க." குரலில் மணல் நறநறத்தது. "சொல்லிடுங்க. இங்கேருந்து எடுத்ததுன்னு சொல்லிடுங்க. விட்டுடும்."

மண்வெட்டியைக் குத்தினார். இறங்கவில்லை. மண் இரும்பாக இருந்தது.

"டொக்டர், உங்கையோ நிக்கிறியள்?" மரங்களுக்கு அப்பால் அருமைநாதன். "சனம் வந்திட்டுது. எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாறன்."

சருகில் காலடிகள். நிறைய. சிரிப்பு. கிளைகளுக்கிடையே மஞ்சளாகப் பளபளத்தது பொன்னாடை.

ஒரே ஒரு வாக்கியம். அவர் வாயைத் திறந்தார்.

உஷா பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாயை மூடினார். மண்டியிட்டார். இரண்டு கையாலும் சருகை வாரினார். செருப்பின்மேல். கண்ணாடியின்மேல். பிறகு அவள் கண்களைப் பார்க்காமல், அவள்மேல்.

"இங்கயும் பூத்திருக்கோ?" அருமைநாதன் வந்து நின்றார்.

"இல்லை," என்றார் எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு. "இங்கே ஒன்றுமில்லை."

அங்கேயே போர்த்திவிடலாம் என்று யாரோ சொன்னார்கள்; பின்னணி அழகாக இருக்கிறதாம். கமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. பொன்னாடை தோளில் விழுந்தது. அவர் காலடியில் சருகுக் குவியல் மெல்ல எழுந்தது. தாழ்ந்தது. எழுந்தது.

ஒரு அடி நகர்ந்து அதன்மேல் நின்றுகொண்டார்.

முப்பது பேரும் கைதட்டினார்கள். அவருடைய உள்ளங்காலுக்குத் தெரிந்தது: கீழே ஒரு வாய் திறந்தது. மூடியது. திறந்தது.