எடுக்கப்பட்ட விரல்

காலை 9.40.

"இந்த விரலை ஏற்கெனவே எடுத்தாச்சு சார்," என்றாள் கவுன்டரில் இருந்த பெண், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ரகுவுக்குப் புரியவில்லை. இரவு ஷிப்ட் முடித்து, ஒரகடத்திலிருந்து கம்பெனி சீருடையோடு நேராக ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்கு வந்தவன் அவன். அவனுடைய அப்பா, மண்ணாங்கட்டி என்பவர், மாடியில் படுத்திருந்தார். சர்க்கரை நோய். சாலையில் கிடந்த இரும்புச் சுருள் ஒன்று குத்தி, இடது கால் சுண்டுவிரல் கறுத்துவிட்டது. மாலை நான்கு மணிக்குள் அந்த விரலை எடுத்தாக வேண்டும், தாமதித்தால் பாதமே போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"யாருக்கு எடுத்தாச்சு?"

"உங்கப்பாவுக்குத்தான். ஜூன் பதினாலு அட்மிஷன், பதினேழு டிஸ்சார்ஜ். படப்பையில ஒரு நர்சிங் ஹோம். இடது கால் சுண்டுவிரல் நீக்கம். உங்க கம்பெனி பாலிசியில பணமும் குடுத்தாச்சு. இல்லாத விரலுக்கு மறுபடி குடுக்க முடியாதுன்னு மெயில் வந்திருக்கு."

ரகு மாடிக்கு ஓடினான். அப்பாவின் போர்வையை விலக்கிப் பார்த்தான். கறுத்திருந்தாலும் சுண்டுவிரல் இருந்தது. இடது காலில் ஐந்து விரல்கள்.

காலை 11.05.

காப்பீட்டுக் கம்பெனி சார்பில் விசாரிக்க வந்தவர் சுப்பிரமணி. ஓய்வு பெற்ற சப்-இன்ஸ்பெக்டர். இந்த வாரத்தில் இது அவருக்கு ஆறாவது ஆஸ்பத்திரி. மாடி ஏறும்போதே முழங்கால் வலித்தது.

வார்டு வாசலில் 'காலணிகளை வெளியே விடவும்' என்ற பலகை. அதன் கீழே இரண்டு ஜோடி கிடந்தன: ரகுவின் கனமான சேஃப்டி ஷூ, நீல வாருள்ள பெண்கள் ரப்பர் செருப்பு ஒன்று. சுப்பிரமணி தன்னுடையதையும் அங்கே கழற்றிவிட்டு உள்ளே போனார்.

கட்டிலைச் சுற்றி மூன்று பேர் நின்றார்கள். ரகு, அவன் அம்மா கோவிந்தம்மா, ரகுவின் மாமனார் மூர்த்தி. மூர்த்தி படப்பைக்காரர். தொழிற்சாலை வாசலில் செக்யூரிட்டியாக இருந்து, ஒரு வருடத்திற்கு முன் வேலை போனவர். உயரமான மனிதர், இஸ்திரி போட்ட சட்டை, சாம்பல் நிற சாக்ஸ், தடித்த அடியுள்ள கறுப்பு வார்ச் செருப்பு. ஜன்னலோரமாகத் தள்ளியே நின்றார்.

சுப்பிரமணி விரல்களை எண்ணினார். பிறகு கையிலிருந்த ஃபைலைப் பிரித்தார்.

"பெரியவரே, ஜூன் மாசம் நீங்க படப்பையில படுத்தீங்களா?"

"என் காலு இதோ கீது. அஞ்சு விரலும் கீது. எண்ணிட்ட இல்ல?" என்றார் மண்ணாங்கட்டி. படுத்த படுக்கையிலும் முதுகைத் தலையணையில் சாய்க்கவில்லை. வடக்குப்பட்டு அம்மன் கோயிலுக்குப் பதினெட்டு வருடம் தர்மகர்த்தாவாக இருந்தவர்.

"அட்மிஷன் படிவத்துல இருக்கறது உங்க கையெழுத்தா?"

அவர் தாளை வாங்கிக் கண்ணாடி இல்லாமலே பார்த்தார். "என் கையெழுத்து மாதிரிதான் கீது."

மண்ணாங்கட்டி அன்று காலை இங்கே சேரும்போது போட்ட கையெழுத்தோடு சுப்பிரமணி அதை ஒத்துப் பார்த்தார். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

ரகு குறுக்கே வந்தான். "சார், எச்.ஆர்.ல போன் பண்ணாங்க. பொய் கிளைம்னு ரிப்போர்ட் போச்சுன்னா என் வேலை அவ்வளவுதான். சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது. ஜூன்ல ஃபுல்லா ஓ.டி. பாத்துகினு இருந்தேன்."

"பாலிசியில யார் யார் இருக்காங்க?"

"நான், எம் பொண்டாட்டி பிரவீனா, பாப்பா, எங்கப்பா, அம்மா. பெரியவங்க ஒரு ஜோடிதான் போட முடியும். பெத்தவங்க, இல்லாட்டி மாமனார் மாமியார். நான் எங்கூட்டுப் பெரியவங்கள எழுதினேன்."

மூர்த்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கார்டு எங்க இருக்கும்?"

"வூட்ல பீரோ மேல. யார் வேணா எடுக்கலாம்."

காலை 11.30.

சுப்பிரமணி கோவிந்தம்மாவைத் தனியே தாழ்வாரத்துக்கு அழைத்தார்.

"ஜூன் பதினாலாம் தேதி உங்க வீட்டுக்காரர் எங்க இருந்தாரும்மா?"

"திருப்பதி போனாரு. நாலு நாளு. ஒரு லட்டு கூட வாங்கினு வர்ல. கூட்டம்னாரு. சாமிக்குக் கூட்டம் இருக்கும், லட்டுக்குமா இருக்கும்?"

"மருமக வீட்டோட எப்படி?"

கோவிந்தம்மா குரலைத் தாழ்த்தவில்லை. "நீயே பாத்த இல்ல சார்? ஆஸ்பத்திரின்னு கூடப் பாக்காம செருப்புக் காலோட உள்ள நிக்கிறாரு. எங்கூட்டுக்கு வந்தாலும் அதே கதைதான். ஆடிக் கூழுக்கு வந்தவரு செருப்போட கூடத்துல வந்து குந்திக்கினாரு. பொண்ணு குடுத்தவருன்ற திமிரு."

"உங்க வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலையா?"

"அதான் சார் எனக்கு வயிறு எரியுது. கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவன் செருப்போட வந்தான்னு படியிலயே நிக்க வெச்சவரு இவரு. சம்பந்தியை மட்டும் ஒரு வார்த்தை கேக்கல."

காலை 11.50.

கீழே வண்டி நிறுத்துமிடத்தில் இன்னொருவன் காத்திருந்தான். இசக்கியப்பன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், ரகு வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருப்பவன், காண்டிராக்ட் தொழிலாளி. காப்பீடு எதுவும் கிடையாது. இடது காலை நொண்டி நொண்டி வந்தான்.

"கால்ல என்னப்பா?"

"ஆணி சார். பன்னெண்டு மணி நேரம் இந்த ஷூவைப் போட்டுட்டு நின்னா வராம என்ன செய்யும்."

"கழட்டு."

"எதுக்கு சார்?"

"கழட்டுப்பா. எனக்கும் கால் வலிக்குது. சீக்கிரம் முடிச்சிடலாம்."

அவன் ஷூவைக் கழற்றினான், சாக்ஸை உருவினான். பாதத்தடியில் பட்டாணி அளவு கால் ஆணி. விரல்கள் ஐந்தும் இருந்தன.

"வீட்டுக்கார அண்ணாச்சி காலைப் பாக்க வந்துட்டு என் காலைப் பாக்கீங்களே சார்," என்றான் அவன், சாக்ஸை உதறிக்கொண்டு. "இந்த ஆணியை எடுக்கதுக்கு இன்சூரன்சு உண்டா?"

"அட்மிட் ஆகிப் படுத்தா வரும். நடந்து வந்து எடுத்துக்கிட்டா இந்த மாதிரி பாலிசியில வராது. ஆணி வெட்டறது, வாரா வாரம் கட்டு மாத்தறது, செருப்பு, எதுவும் வராது."

"அப்போ கால் அழுகுன பொறவுதான் தருவாவன்னு சொல்லுங்க."

சுப்பிரமணிக்குத் தான் கடைசியாகச் சொன்ன வார்த்தைகளில் ஒன்று எங்கோ உறுத்தியது. அங்கிருந்த சிமென்ட் திண்டில் உட்கார்ந்து ஃபைலை முதலிலிருந்து புரட்டினார். அறை வாடகை, அறுவைக் கட்டணம், மருந்து, எல்லாம் அனுமதிக்கப்பட்டிருந்தன. கடைசித் தாளில் ஒரே ஒரு வரி சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது.

'எம்.சி.ஆர். செருப்பு, சர்க்கரை நோயாளிக்கானது, கறுப்பு, 9-ஆம் அளவு, இடது ஓரத்தில் பஞ்சு நிரப்பு. காப்பீட்டில் அடங்காது. நோயாளியே செலுத்தினார்.'

அவர் நீண்ட நேரம் அந்த வரியைப் பார்த்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மறுபடியும் மாடி ஏறினார்.

பகல் 12.20.

முதலில் கட்டிலுக்கு அடியில் குனிந்தார். மண்ணாங்கட்டியின் பழைய தோல் செருப்பு ஒரு பையில் இருந்தது. அடியைத் திருப்பிப் பார்த்தார். ஏழு என்று அச்சிட்டிருந்தது.

"எல்லாரும் இருக்கட்டும்," என்றார். "நாலு மணிக்குள்ள டாக்டருக்குப் பதில் சொல்லணும். சுத்தி வளைக்க மாட்டேன்."

வாசல் பக்கம் கை காட்டினார்.

"நான் முதல்ல வந்தப்ப வெளியே ரெண்டு ஜோடி கிடந்தது. உள்ளே மூணு பேர் நின்னீங்க. பெரியவர் கால்ல விரல் போகல, ஆனா படப்பையில ஒரு விரல் போயிருக்கு. வெறும் காகிதத்துல நடந்த மோசடின்னுதான் முதல்ல நினைச்சேன். இந்தச் செருப்பு பில் அப்படி இல்லைன்னு சொல்லுது. அறுவையை யார் பேர்ல வேணும்னாலும் எழுதலாம். செருப்பை, போடுறவன் காலுக்குத்தான் அளவெடுக்கணும். காப்பீடு தராத பொருள்ங்கறதால அந்த வரியை யாரும் திரும்பிக்கூடப் பாக்கல. ஒன்பதாம் நம்பர். பெரியவருக்கு ஏழு."

சுப்பிரமணி ஃபைலை மூடினார்.

"சுண்டுவிரல் போன சர்க்கரை நோயாளிக்கு டாக்டர் முதல்ல சொல்றது ஒண்ணுதான். வெறுங்கால்ல ஒரு அடி வைக்காதே, வீட்டுக்குள்ளயும் செருப்பைக் கழட்டாதே. இந்தம்மா அதைத் திமிருன்னு நினைச்சாங்க. நம்ம ஊர்ல யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பாங்க. மூர்த்தி சார், நீங்க போட்டிருக்கறது எத்தனாம் நம்பர்?"

மூர்த்தி இடது காலை வலது காலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

ரகு அவரைப் பார்த்துத் திரும்பினான். "மாமா. என் வேலைய வெச்சா வெளாடுனீங்க? பீரோ மேலேர்ந்து கார்டை எடுத்துகினு..."

"அவர் எடுக்கலப்பா," என்றார் சுப்பிரமணி. குரலில் வெற்றி இல்லை, களைப்புதான் இருந்தது. "கையெழுத்து நெஜம். அவர் சொன்னாரே, அந்த 'மாதிரி' இல்ல. போட்டவர் அந்தக் கவுன்டர்ல உக்காந்து போட்டிருக்கார். ரீடிங் எடுக்க வந்தவனைப் படியிலயே நிறுத்தினவர், கூடத்துல செருப்போட உக்காந்த சம்பந்தியை ஒரு வார்த்தை கேக்கல. ஏன்? அந்தச் செருப்பு எதுக்குன்னு இந்த வீட்ல அவருக்கு மட்டும் தெரியும். நாலு நாள் திருப்பதின்னு சொன்னவர் லட்டு இல்லாம வந்ததும், அங்க போகாம படப்பையில இருந்ததாலதான். பெரியவரே, கார்டைக் குடுத்தது நீங்க."

மண்ணாங்கட்டி தலையைத் தாழ்த்தவில்லை.

"நான்தான்," என்றார். "கவுன்டர்ல குந்தி கையெழுத்துப் போட்டேன். உள்ள போய் அவரைப் படுக்க வெச்சேன். ஆதார்ல கீற போட்டோவுக்கு எந்தக் கெழவனும் பொருந்துவான்."

"ஏம்ப்பா?" என்றான் ரகு.

"விரலு அழுகி வூட்ல ஒளிச்சி வெச்சிகினு இருந்தாருடா. கவர்மென்ட் பெரியாஸ்பத்திரிக்குக் கூப்ட்டேன். ஊர்க்காரன் எவனாவது பாத்தா பொண்ணுக்கு அசிங்கம்னாரு. உங்கிட்ட கேக்கச் சொன்னேன். பொண்ணு குடுத்த எடத்துல கை நீட்ட மாட்டேன்னாரு. ஒரு ஜோடிதான்னு ரூலு. நீ எங்கள எழுதிட்ட. உம் பொண்டாட்டிய ஒரு வார்த்தை கேட்டியா?"

ரகு போர்வையை இழுத்து அப்பாவின் காலை மூடினான்.

"நல்லது செஞ்சீங்கன்னு நான் எழுத முடியாது," என்றார் சுப்பிரமணி. "அடுத்தவர் பேர்ல வைத்தியம் பாத்தது மோசடி. உங்க பேர் பாலிசியிலேர்ந்து போகும். இன்னிக்கு விரலுக்கும் ஒண்ணும் வராது."

"வர வேணாம். தப்புதான். நான் கேக்கறது ஒண்ணுதான். எம் மவனுக்குத் தெரியாது, மருமகளுக்கும் தெரியாது. அத எழுது. நான் கைப்பட எழுதித் தரேன். இதுவும் நெஜக் கையெழுத்துதான்."

"தெரியாததைத் தெரியாதுன்னுதான் எழுதுவேன்."

சுப்பிரமணி தாள் கொடுத்தார். மண்ணாங்கட்டி மடியில் ஃபைலை வைத்து, நிதானமாக, ஒரு அடித்தல் இல்லாமல் ஒன்பது வரி எழுதினார். எழுதி முடித்ததும் மகனிடம், "செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு வண்டி பாரு. நாலு மணிக்குள்ள போயிடலாம்," என்றார்.

"கீழ இசக்கி வெயிட் பண்றான்ப்பா," என்று ரகு போனை எடுத்தான்.

அப்போது மூர்த்தி ஜன்னலை விட்டு நகர்ந்து கட்டிலருகே வந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். மூன்று மாதமாக யார் முன்னாலும் கழற்றாத வாரை இழுத்தார். இடது செருப்பு கழன்று தரையில் விழுந்தது. சாக்ஸின் ஓரம் விரல் இல்லாமல் மடிந்து கிடந்தது. வெறும் தரையில் அந்தக் காலை வைக்கப் போனார்.

"கழட்டாதீங்க சம்பந்தி," என்றார் மண்ணாங்கட்டி. "டாக்டர் இன்னா சொன்னாரு?"

மூர்த்தி காலை அந்தரத்தில் நிறுத்தியபடி நின்றார்.

கோவிந்தம்மா கட்டிலைச் சுற்றி வந்து, குனிந்து, அந்தக் கறுப்புச் செருப்பைக் கையால் எடுத்து, அவர் காலுக்கு நேராக வைத்தாள்.