தொப்பிக்குள் ஐந்து கதிர்க்குருவிகள்

செத்துப்போன ஐந்து பறவைகளை ஒரு சிறுமி தன் கம்பளித் தொப்பிக்குள் போட்டு, ஒரே மணி நேரத்தில் பறக்க விட்டாள். நம்ப மாட்டீர்கள். அவளுடைய மாமாவும் நம்பவில்லை. பைனாகுலரில் பார்க்காவிட்டால் தன் மூக்கு இருப்பதையே நம்பாத மனிதர் அவர்.

கடல் நடுவே ஒரு சிறு தீவில் பறவைகளை எண்ணுவது அவர் வேலை. எல்லாம் தூரத்திலிருந்துதான். ஒன்றைக்கூடக் கையால் தொட்டதில்லை. இலையுதிர் காலத்தில் கடல் தாண்டிப் போகும் பறவைகளைக் காட்ட அக்கா மகளை அழைத்து வந்திருந்தார். ஆள் ஒல்லி என்பதால் அவளுக்குப் பெயர் குண்டூசி.

விடிந்ததும் கதவைத் திறந்தாள். வெட்டி மடித்துப் பெட்டியில் வைக்கலாம், அவ்வளவு பனிமூட்டம்! ஓரடி வைத்தவள் அப்படியே நின்றாள்.

கண்ணாடி ஜன்னலுக்குக் கீழே தரையெல்லாம் கதிர்க்குருவிகள். ஒன்றும் அசையவில்லை.

"மாமா, இதெல்லாம் தூங்குதா?"

மாமா ஜன்னலைப் பார்த்தார். உள்ளே விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"பனியில வழி தெரியாம, வெளிச்சத்தைப் பார்த்து வந்து மோதியிருக்கு. விளக்கை அணைக்க மறந்தது நான்தான்."

தடித்த கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கி பிளாஸ்டிக் பையில் போட்டார். "முப்பத்தொண்ணு. எல்லாம் போச்சு." எட்டு மணிப் படகில் பையை ஆய்வுக்காக அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். வாயைக் கட்டக் கயிறு எடுத்தார்.

குண்டூசி பைக்குள் கைவிட்டாள். ஒன்று சில்லென்று விறைத்திருந்தது. இன்னொன்றும் அப்படியே. மூன்றாவது...

"கட்டாதீங்க மாமா! இது சூடா இருக்கு. உள்ள அடிக்குது!"

"அது உன் விரலோட துடிப்பு. விடும்மா."

"விட மாட்டேன்!"

பையைத் தரையில் மெல்லக் கவிழ்த்தாள். ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தாள். ஆறு குருவிகளிடம் சூடு இருந்தது.

"தண்ணி தெளிக்கலாமா?" என்றார் மாமா.

"வேண்டாம். போன மாசம் கண்ணாடிக் கதவுல நான் முட்டிக்கிட்டப்ப, ஆளாளுக்கு என்னைப் போட்டு உலுக்கினாங்க. எனக்கு இருட்டுல சும்மா கிடந்தாப் போதும்னு இருந்துச்சு."

ஆறையும் தொப்பிக்குள் வைத்து, மேசைக்கு அடியில் இருட்டான மூலையில் வைத்தாள். மாமா வாய் திறந்தபோதெல்லாம் "உஷ்!" என்றாள். பாவம், கடைசியில் அவர் தும்மலைக்கூட விழுங்கிக்கொண்டார்.

அரை மணியில் ஒரு குருவி குளிர்ந்துவிட்டது. குண்டூசி அதை எடுத்து மற்றவற்றோடு வைத்தாள். மூக்கை மாமாவின் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

படகு ஊதியது. படகுக்காரர் வாசலில் வந்து நின்றார். "சார், பை ரெடியா?"

"பத்து நிமிஷம் பொறுய்யா," என்றார் மாமா, கிசுகிசுப்பாக.

தொப்பிக்குள் கரகரவென்று சத்தம்! குண்டூசி அதை வெளியே கொண்டுபோய்த் திறந்தாள். பனி கலைந்திருந்தது. ஒன்று பறந்தது. இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது மாமாவின் வழுக்கையில் உட்கார்ந்து யோசித்துவிட்டு, கடலைப் பார்த்துக் கிளம்பியது.

"இப்பப் பறந்ததெல்லாம் செத்துக் கிடந்த குருவிங்கன்னு பாப்பா சொல்லுதே, நிஜமா சார்?" என்று படகுக்காரர் சிரித்தார்.

மாமா இருபத்தாறு குருவிகளோடு பையைக் கட்டி அவர் கையில் கொடுத்தார்.

"நிஜம்தான்யா. இந்தப் பையை நான் ஒரு மணி நேரம் முன்னாடியே கட்டியிருந்தா, நடந்திருக்காது."