மோதிர விரலுக்கு வைத்தியம்

அந்தச் சுரம் கேட்டிருக்கவே கூடாது.

ஹெட்விக் மாவு பிசைவதை நிறுத்தினாள். முன்னறையில் லோதார் பியானோ வாசித்துக்கொண்டிருந்தான். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டுவரும் அதே இசை, அவனே எழுதியது. அதில் வரிக்கு வரி ஒரு சுரம் விழாமல் ஓட்டையாக நிற்கும். கச்சேரி வெறியில், விரலுக்கு வலு ஏற்றும் ஒரு கம்பிப் பொறியில் மாட்டி இழுத்து இழுத்துப் பழகியதில், அவனுடைய வலது மோதிர விரல் செத்துப்போயிருந்தது. இன்று அந்த ஓட்டை அடைபட்டிருந்தது. தெளிவாக, மணி அடித்த மாதிரி, ஒவ்வொரு வரியிலும்.

சந்தோஷப்பட வேண்டியவள்தான். ஆனால் மாவு ஒட்டிய கை தானாக நிறைமாத வயிற்றுக்குப் போனது.

டாக்டர் சொன்ன வைத்தியம் லைப்சிக் நகரத்தில் யாருக்கும் புதிதல்ல. அறுத்த மிருகத்தின் வயிற்றில், சூடு ஆறுவதற்குள் கையை விட்டு வைத்திருக்க வேண்டும். தினமும் கசாப்புக் கடைக்குப் போய்வருவான். அவன் சட்டையை அவள் உப்புத் தண்ணீரில் ஊறவைப்பாள். ஆனாலும் பச்சைக் குடலும் இரும்பும் கலந்த அந்த வாடை திரைச்சீலையில், தலையணையில், அவன் மீசையில்கூட ஏறிக் கிடந்தது.

பின்கதவு தட்டப்பட்டது. கசாப்புக்காரரின் மனைவி குன்ட்செ. கையில் லோதாரின் தொப்பி.

"இந்தாங்க, விட்டுட்டு வந்துட்டாரு. இனிமே உங்க வீட்டுக்காரரை எங்க கடைப் பக்கமே அனுப்பாதீங்கம்மா."

"ஏன், என்ன ஆச்சு?"

"பியானோ வாசிக்கிறவருன்னு பார்த்தா, என் புருஷனைவிட வேகமா குடலை உருவுறாரு!" சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. "இன்னிக்குக் கன்னுக்குட்டியை அறுக்கவே விடல. அது நின்னுக்கிட்டு இருக்கறப்பவே வயித்தைக் கிழிச்சு, முழங்கை வரைக்கும் கையை உள்ள விட்டுட்டாரு. அது கதறுது, இவரு கண்ணை மூடிக்கிட்டுப் பாட்டு முணுமுணுக்கிறாரு. பொறந்ததுலேர்ந்து வெட்டற மனுஷன், என் புருஷனே வாந்தி எடுத்துட்டாரு."

அவள் பார்வை ஹெட்விக்கின் வயிற்றில் வந்து நின்றது.

"உங்கம்மா வீட்டுல விட்டுடறேன். வண்டி தெருமுனையில நிக்குது. போட்டிருக்கறதோட வாங்க."

வெளியே பனி கொட்டியது. மேலங்கி முன்னறையில் தொங்கியது. "நீங்க போங்க, எடுத்துக்கிட்டு வந்துடறேன்" என்றாள் ஹெட்விக்.

இசை நின்றிருந்தது. எப்போது நின்றது?

முன்னறையில் மெழுகுவத்தி ஏற்றவில்லை. சாயங்கால வெளிச்சத்தின் கடைசிக் கீற்று பியானோமேல் கிடந்தது. வெள்ளைக் கட்டைகள் வெள்ளையாக இல்லை.

"கேட்டியா கண்ணு? விரல் எழுந்திருச்சு."

"கேட்டேங்க." மேலங்கியை எடுத்தாள். "அம்மாவை ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேன்."

"ஞாயித்துக்கிழமை கச்சேரி, ஹெட்விக். அதுக்குள்ள இது மறுபடி தூங்கிடும். செத்ததுல சூடு நிக்க மாட்டேங்குது. உயிரோட இருந்தாலும், கன்னுக்குட்டி சட்டுனு செத்துடுது."

எழுந்து வந்தான். வலது கையை அவள் வயிற்றில் வைத்தான். பிசுபிசுப்பு. உள்ளே குழந்தை புரண்டது.

"அப்பா... எவ்வளவு சூடு! ரெண்டு உயிரோட சூடு."

 ஓடினால் பிடித்துவிடுவான்.

"எனக்காக இன்னொரு தடவை வாசிங்களேன்" என்றாள். குரல் யாருடையதோ போல இருந்தது.

அவன் முகம் மலர்ந்தது. உட்கார்ந்தான். வலது கையைக் கட்டைகள்மேல் விரித்தான்.

பியானோ மூடியை இரண்டு கையாலும் பிடித்தாள். முழுப் பாரத்தோடு அறைந்தாள்.

எலும்பு முறிந்தது. மறுபடி அறைந்தாள். மறுபடி. உள்ளே கம்பிகள் அலறின.

அவன் அலறவில்லை.

மெதுவாகக் கையை உருவினான். விரல்கள் பின்பக்கமாக மடிந்து தொங்கின. வெள்ளையாக எலும்பு. மோதிர விரல் மட்டும் முழுசாக இருந்தது. நீண்டது. மடங்கியது. அவளைப் பார்த்து நீண்டது.

"என்ன இப்படிப் பண்ணிட்ட?" கோபமே இல்லை. "இப்ப எல்லா விரலுக்கும்ல வைத்தியம் வேணும்."

கதவுக்கு ஓடினாள். அவன் முந்திக்கொண்டான். தாழ்ப்பாள் விழுந்தது.

தெருமுனையில் குதிரை கனைத்தது. "அம்மா! வாங்கம்மா!" வெகு தூரத்தில் குன்ட்செயின் குரல்.

முதுகு சுவரில் முட்டியது. இரு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள்.

அவனுடைய இடது கையில், இடுப்பிலிருந்து உருவிய கசாப்புக் கடைக் கத்தி. வலது சட்டைக் கையைப் பற்களால் கவ்வி, கசங்காமல், ஒவ்வொரு மடிப்பாக முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டே வந்தான்.